பயணப் படம் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

அன்றன்று எடுத்த படங்களை அன்று இரவே, தங்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஏதாவது சொதப்பியிருந்தால் மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் போய் மறுபடி எடுக்கலாம். ஊர் திரும்பிய பிறகு தெரிந்தால் எடிட்டிங்கில் மல்லுக்கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பார்க்கும்போது செய்ய வேண்டியது இரண்டுதான். சந்தேகமான படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பிறகு அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் தகவலைத் திறங்கள்: ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வந்த நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), லென்ஸின் குவியத் தூரம் (மிமீ கணக்கு; கூடினால் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்), எடுத்த நேரம். போன் படங்களுக்கும் இது உண்டு. கேமராவே சரியில்லை என்று புதிதாக வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் இந்த ஐந்தையும் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பாதிக் குறைகளுக்குக் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

இதை மேலிருந்து கீழ்வரை படிக்கத் தேவையில்லை. உங்கள் படத்தில் தெரியும் குறை எதுவோ நேராக அங்கே போங்கள்.

## படம் மங்கலாக இருக்கிறது

இதில் ஐந்தாறு வகை உண்டு. எந்த வகை என்று பிரித்துவிட்டால் மருந்து தானாகத் தெரிந்துவிடும்.

படத்தில் ஒரு விளக்கையோ பளபளக்கும் புள்ளியையோ பெரிதாக்கிப் பாருங்கள். அது சின்னக் கோடாக இழுபட்டு, படம் முழுக்க மற்ற புள்ளிகளும் அதே பக்கம் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 200 மிமீ லென்ஸில் 1/60 நொடி என்றிருந்தால் விஷயம் அவ்வளவுதான். பழைய கணக்கு இன்றும் செல்லும்: 200 மிமீக்குக் குறைந்தது 1/200, 50 மிமீக்கு 1/50. படம் பதியும் சென்ஸார் சின்னதாக உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள லென்ஸில் இதைவிட மெதுவாகவும் இறங்கலாம். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது.

கட்டடம் கூர்மையாக இருந்து ஆட்கள் மட்டும் குழைந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. நடப்பவருக்கு 1/250, ஆடுகிறவருக்கு 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். பொரிப்பொரியாக இருக்கும் படத்தை ஓரளவு சரிசெய்யலாம், குழைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. துருக்கியின் கொன்யாவில் மெவ்லெவி தர்வேஷ்கள் என்ற சூஃபி துறவிகள் சுழல்வதை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 1/60இல் மாட்டிக்கொள்கிறார்கள். அது இரண்டும் கெட்டான் வேகம். பாவாடை மடிப்பு உறைந்து நிற்க வேண்டுமா, 1/500க்குப் போங்கள். வெள்ளைச் சுழலாக வேண்டுமா, கேமராவை அசையாமல் ஊன்றிக்கொண்டு 1/8க்கு இறங்குங்கள்.

எடுக்க நினைத்த ஆள் மங்கலாகி, அவருக்குப் பின்னால் இருக்கும் தூண் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிப் போயிருக்கிறது. முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பி எடுக்கும்போது இது நடக்கும். கம்போடியாவின் பயோன் கோயில் முழுக்கக் கோபுரங்களில் பெரிய பெரிய கல் முகங்கள். முன்னால் நிற்கும் உங்கள் ஆளை விட்டுவிட்டுக் கேமரா கல் முகத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. அந்த மாதிரி இடங்களில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, புள்ளியைக் கண்மேல் வையுங்கள்.

எந்த இடமும் சரியான கூர்மையில் இல்லை, ஆனால் ஆட்டமும் இல்லை என்றால் அபெர்ச்சரைப் பாருங்கள். எஃப்/22 என்று இருக்கும். இந்த எண் கூடக் கூடத் துளை சிறிது. முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக வரட்டும் என்று துளையை ஒரேயடியாகச் சுருக்கினால், ஒளி அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் வளைந்து பரவி மொத்தப் படத்தையும் மழுக்கிவிடும். நிலக்காட்சிக்கு எஃப்/8, எஃப்/11 போதும்.

பக்கத்தில் இருப்பது தெளிவு, தொலைவில் உள்ள மலை மட்டும் நெளிகிறது என்றால் அது வெயிலில் கொதிக்கும் காற்று. ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் நண்பகலில் நீள லென்ஸை நீட்டினால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இதே கதிதான். மருந்து, விடியற்காலை.

விளக்கைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா? போன் லென்ஸில் விரல் ரேகை. துடைத்துவிட்டு எடுங்கள்.

## பனியும் உப்பும் சாம்பல் நிறத்தில் வருகின்றன

கேமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளக்கும். பொலிவியாவின் உயுனி உப்புப் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. அதையும் இழுத்துச் சாம்பலாக்கிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு, இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது சுவரை நெருங்கலாம், முட்டக்கூடாது.

ஐஸ்லாந்தின் ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் இது தலைகீழ். கறுப்பு மணலைக் கேமரா வெளுப்பாக்கிவிடும். அங்கே -0.7 அளவுக்கு இறக்குங்கள். அப்படியே திரையில் மூழ்கிக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். திடீரென்று வெகுதூரம் ஏறிவரும் அலைகளால் அங்கே உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது.

பனி சாம்பலாக இல்லாமல் நீலமாக இருந்தால் அது வேறு குறை. நிழலில் கிடக்கும் பனிமேல் விழுவது வானத்தின் நீல ஒளிதான். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு மாற்றினால் குறையும். முழுக்க நீக்கிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை, கொஞ்சம் நீலம் இருந்தால்தான் குளிர் தெரிகிறது.

உப்புத் தரையில் ஊன்றிய ட்ரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். விட்டால் இணைப்புகள் அரித்துப்போகும்.

## கட்டடத்தின் முகப்பு இருட்டு, வானம் வெள்ளை

இதற்குத்தான் அதிகம் பேர் எடிட்டிங்கில் நேரம் செலவழிக்கிறார்கள், பெரும்பாலும் வீணாக. முதலில் படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். பிறகு அந்தக் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்திருப்பது தெரியும். இதற்குக் கேமராவில் மருந்து கிடையாது, கடிகாரத்தில்தான் உண்டு.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். விடியற்காலையில் குளத்தங்கரையில் கூடும் கூட்டம் எடுப்பது கோபுரங்களின் கறுப்பு உருவத்தை. சூரியன் பின்னால் எழுவதால் வேறு எதுவும் வராது, அந்தக் காட்சிக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் கல்லின் செதுக்கல் தெரிய வேண்டும் என்று அதே நேரத்தில் எடுத்த படத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தால் கறையும் பொரியும்தான் மிஞ்சும். பிற்பகலில் மறுபடி போங்கள். வெயில் நேராக முகப்பில் விழும்.

எகிப்தின் அபு சிம்பெல் இதற்கு நேர் எதிர். பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. இரண்டாம் ராம்சேஸின் நான்கு சிலைகளுக்கும் காலை வெயில்தான். மதியத்துக்குப் பிறகு போய்ச் சேரும் பயணத் திட்டம் போட்டுவிட்டு நிழலில் நிற்கும் சிலைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவின் யோசெமிட்டியில் டனல் வியூ கிழக்கு நோக்கிய காட்சி. காலையில் கண்ணைக் கூசும் எதிர்வெயில், பிற்பகலில் பாறைகள் ஒளிரும்.

தாஜ்மஹால் தெற்கு பார்த்தது. அதனால் பொழுது விடிந்ததும் ஒரு பக்கமிருந்தும், சாயும்போது மறுபக்கமிருந்தும் வெயில் விழுகிறது. பளிங்கின் வளைவுகள் உருண்டு தெரிவது இந்தப் பக்கவாட்டு ஒளியில்தான். குளிர்காலக் காலைகளில் யமுனைக் கரையில் மூடுபனி இருக்கும், அப்போது ஒன்றுமே தெரியாது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜோர்டானின் பெட்ராவில் கருவூலம் எனப்படும் பாறைக் கட்டடத்தின் முகப்பு குறுகலான பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. காலை நடுப்பொழுதில் சிறிது நேரம்தான் நேர்வெயில் படும். பலர் அந்த நேரத்துக்காகவே ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழு நிழலில் எடுப்பது மேல், சிவந்த கல்லின் நிறம் ஒரே சீராக வரும். மோசமானது பாதி வெயில், பாதி நிழல் விழும் நேரம்.

சரி, திரும்பிப் போக நேரமில்லை, இருக்கும் ஒளியில்தான் எடுக்க வேண்டும் என்றால், சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். ஒரே காட்சியை -2, 0, +2 என மூன்று வெளிச்சங்களில் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தால் இணைப்பில் பேய் உருவங்கள் வரும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊருக்குப் போவதற்கு முன்பு போட்டோபில்ஸ் போன்ற செயலியில் சூரியன் எந்த நேரம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

## நிறம் கண்ணால் பார்த்தது போல் இல்லை

பார்சிலோனாவின் சக்ரதா ஃபமிலியாவுக்குள் கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். மாலையில் உள்ளே நின்றால் தூண்களெல்லாம் தணல் மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை அது: ஆரஞ்சு தூக்கலாக இருப்பதைப் பார்த்ததும் அதைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடுகிறது. ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில், சுமார் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். சூரிய அஸ்தமனத்துக்கும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கும் இதே வைத்தியம். ரா கோப்பு கையில் இருந்தால் எடுத்து முடித்த படத்திலும் மாற்றலாம்.

வானம் ஒரு பக்கம் அடர்நீலம், மறுபக்கம் வெளுப்பு என்று வந்தால் லென்ஸின் முன்னால் மாட்டி, பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றுங்கள். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தில்தான் அது முழுதாக வேலை செய்யும். அகல லென்ஸ் மொத்த வானத்தையும் அள்ளுவதால் ஒரு பகுதி மட்டும் கறுத்துவிடுகிறது. அருவியில் தெரிந்த வானவில் படத்தில் காணவில்லை என்றாலும் இதே ஃபில்டர்தான் சந்தேகத்துக்குரிய ஆள். திருப்பும் கோணத்தைப் பொறுத்து அது வானவில்லைத் துடைத்தெறிந்துவிடும். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், திரும்பி வரும்.

## இரவுச் சந்தைப் படங்களில் குறுக்குப் பட்டைகள்

விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது. ஷட்டர் அந்தத் துடிப்புக்கு இடையில் மாட்டிக்கொள்கிறது. முதலில் மின்னணு ஷட்டரை விட்டுவிட்டு, திரை நிஜமாகவே திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்படியும் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். ஐரோப்பா 50, வட அமெரிக்கா 60. ஜப்பான் ஒரு விசேஷம்: டோக்கியோ இருக்கும் கிழக்கில் 50, கியோட்டோவும் ஒசாகாவும் இருக்கும் மேற்கில் 60. டோக்கியோவில் சரியாக வந்த அமைப்போடு ரயிலேறிப் போய், கியோட்டோ இரவில் பட்டை விழுகிறதே என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி

சென்ஸாரில் தூசி. உறுதி செய்ய, வெறும் வானத்தை எஃப்/16இல் ஒன்றும் எஃப்/4இல் ஒன்றும் எடுங்கள். முதல் படத்தில் பளிச்சென்றும் இரண்டாவதில் மங்கியும் தெரிந்தால் தூசிதான். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுபையால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். போகாவிட்டால் பயணம் முடியும்வரை அகலத் துளையில் எடுத்து ஓட்டிவிட்டு, பிறகு சுத்தம் செய்யக் கொடுங்கள். பாலைவனத்தில் காற்றில் நின்று லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்தாலே பாதித் தூசி வராது.

புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறினால் அது லென்ஸின் முன் கண்ணாடியில் விழுந்த சாரல். விக்டோரியா அருவி போன்ற இடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் துடைக்க வேண்டிவரும். துணி ஒன்று போதாது. அருவியே தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புகையாக இருக்கிறது என்றால் கேமராவை நோண்டாதீர்கள். மழைக்காலம் முடிந்து ஏப்ரல் வாக்கில் அந்த அருவியின் ஜாம்பெசி ஆற்றில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சாரல் அருவியையே மறைத்துவிடும்.

## லென்ஸ் பனித்துப்போய் எதுவும் தெரியவில்லை

குளிர்ந்த கேமரா ஈரக் காற்றுக்கு வந்ததும் நீர் படிகிறது. ஏசி அறையிலிருந்து வெப்பமண்டலக் காலைக்கு வந்தாலும், ஆர்க்டிக் இரவிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்தாலும் ஒரே கதை. துடைத்தால் மறுபடி படியும். லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே போய்விடும். பையோடு மூடி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். விடியற்காலையில் கிளம்பப் போகிறீர்கள் என்றால் கேமராவை முந்தைய இரவே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது. குளிரிலிருந்து உள்ளே வரும்போது, வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிக்கொண்டு வாருங்கள். மெமரி கார்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் படமாவது பார்க்கலாம்.

## துருவ ஒளி பச்சைக் கறையாக இருக்கிறது

நட்சத்திரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவை உருண்டைக் குண்டுகளாக இருந்தால் ஃபோகஸ் தவறு. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்காது. லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் சரிவராது, பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். ஆட்டோவை அணைத்து, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை கையால் திருப்புங்கள். அப்புறம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

நட்சத்திரம் கூர்மையாக இருந்து ஒளித் திரை மட்டும் குழம்பாக இருந்தால் ஷட்டர் நீளம். அசையாமல் தொங்கும் ஒளிக்கு 10, 15 நொடி சரி. திரை வேகமாக ஆடத் தொடங்கினால் 2 முதல் 4 நொடிக்கு இறக்கி ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுங்கள்.

பேட்டரி பாதியில் செத்துப்போனால் தூக்கிப் போட வேண்டாம். குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துவிடும், சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் ஓரளவு உயிர் வரும். உபரி பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடும் பெட்டிக்குள் அனுமதி இல்லை.

## ரயில் ஜன்னல் வழியே எடுத்ததில் உங்கள் முகமே தெரிகிறது

லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள், சுற்றிலும் கறுப்புத் துணியால் மறையுங்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் ஷிங்கன்சென்னில் ஃபியூஜி மலை வலப்பக்கம் வரும். 1/1000க்குக் குறையாமல் வையுங்கள். கம்பங்கள் சாய்ந்து தெரிந்தால் மின்னணு ஷட்டர் வரிவரியாகப் பதிவதால் வந்தது.

## கட்டடம் பின்னால் விழுவது போல் சாய்கிறது

கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். பின்னால் போய், மட்டமாகப் பிடித்து எடுங்கள். இடமில்லை என்றால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து எடிட்டிங்கில் நிமிர்த்தலாம், நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

## எங்கு பார்த்தாலும் தலைகள்

ட்ரைபாட் வைக்க முடிகிற இடம் என்றால், ஒரே சட்டகத்தைச் சில நொடி இடைவெளியில் 15, 20 முறை எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஸ்கிரிப்ட்டில் மீடியன் கொடுத்தால் நடமாடியவர்கள் மறைந்துவிடுவார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர் மட்டும் அப்படியே இருப்பார். தாஜ்மஹாலிலும் மச்சு பிச்சுவிலும் ட்ரைபாட்டுக்கு அனுமதியில்லை. அங்கே முதல் வரிசையில் நுழைவதுதான் ஒரே வழி. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி இரவும் பகலும் திறந்திருக்கும். வாசலில் நெரிசலாக இருந்தால் செந்நிறத் தோரண வாயில்கள் வழியாக மலைமேல் ஏறிக்கொண்டே போங்கள், கூட்டம் தானாகக் கரையும்.

## ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், காவலர் தடுக்கிறார்

எல்லாப் படத்திலும் முதுகும் முறைப்பும்தான் இருக்கிறதா? குவியத் தூரத்தைப் பாருங்கள். 200, 300 மிமீ என்று இருந்தால் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்திருக்கிறீர்கள், அவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. 35 அல்லது 50 மிமீக்கு மாறி, பக்கத்தில் போய், கேமராவைக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றவரின் முதல் படம் எப்போதும் விறைப்பாகத்தான் வரும். எடுத்துக் காட்டிவிட்டு, அவர் தன் வேலைக்குத் திரும்பியதும் எடுப்பதுதான் படம்.

சில இடங்களில் கேட்டாலும் கிடைக்காது. சிஸ்டைன் சேப்பலுக்குள்ளும் தாஜ்மஹாலின் கல்லறை மண்டபத்துக்குள்ளும் படம் எடுக்கக்கூடாது. கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுத்த தொல்லை தாங்காமல் 2019இல் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை போட்டு, 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் உலுருவில் பழங்குடி அனங்கு மக்களுக்குப் புனிதமான சில பகுதிகளை எடுக்க வேண்டாம் என்று பலகைகள் இருக்கும். மொராக்கோவுக்கு ட்ரோன் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோனுக்குத் தடை. ஈஃபில் கோபுரத்தை இரவில் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டலாம், விளம்பரத்துக்கு விற்க வேண்டும் என்றால் அனுமதி தேவை, காரணம் அதன் விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருக்கிறது.

## கார்டு காலியாகக் காட்டுகிறது

அந்த நொடியே நிறுத்துங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கோப்புகளின் பட்டியல் கெட்டிருக்கும், படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். மேலே புதிதாக எழுதினால்தான் அழியும். கார்டை எடுத்து வைத்துவிட்டு, கணினி கிடைத்ததும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் போடுங்கள்.

## போன் படமும் கேமரா படமும் வரிசை மாறி வருகின்றன

போன் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிட்டது, கேமரா இன்னும் வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே கணத்தில் எடுத்த ஒரு ஜோடிப் படத்தைக் கண்டுபிடித்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கேமரா படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தை அத்தனை மணி நகர்த்தினால் வரிசை சரியாகிவிடும். வித்தியாசம் முழு மணிகளில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நேபாளத்தின் நேரம் உலக நேரத்தைவிட 5 மணி 45 நிமிடம் முந்தியது, அங்கே எடுத்தவற்றுக்கு நிமிடக் கணக்கையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.